படத்தின் மேல் எழுதப்படும் பெயர்: நீர்க்குறியும் உடைமையும் பற்றிய சில சிந்தனைகள்

இணையத்திலே பகிரப்படும் சொந்தப் புகைப்படங்களின் மேல் பெயரெழுதும் வழக்கம் அண்மைக் காலத்தில் நம்மிடையே பெருவழக்காகிவிட்டது. திருமணமாயினும் பட்டமளிப்பாயினும் பிள்ளையின் முதலாவது பிறந்தநாளாயினும், படத்தின் ஒரு மூலையிலோ, சில வேளைகளில் முகத்தின் குறுக்காகவோ, பாதி ஒளி ஊடுருவும் எழுத்துக்களிற் படம் பிடித்தவரின் பெயரோ அதனை இட்டவரின் பெயரோ காணப்படுகின்றது. 'வோட்டர்மார்க்' எனப்படும் இதனைத் தமிழில் நீர்க்குறி என்பர். கணினிக்காரரின் சில்லறை விடயமாகிய இதில் இலக்கிய ஆய்வாளருக்கு என்ன அலுவல் எனச் சிலர் வினவக்கூடும். ஏட்டின் இறுதியிலே பிரதி செய்தவனின் பெயரும், அச்சுநூலின் முகப்பிலே ஆசிரியனின் பெயரும், அதன் பின்பக்கத்திலே பதிப்புரிமையாளனின் பெயரும் எவ்வெச் சமூக நிலைமைகளில் இடம்பிடித்தன என ஆராய்வது நமது துறைக்குரியதாயின், படத்தின் மேல் எழுதப்படும் பெயரும் நமது துறைக்குரியதே.

இவ்வழக்கம் குறித்து முற்போக்காளரிடையே இரு கருத்துகள் உள. சிறு முதலாளித்துவ மனோபாவத்தின் வெளிப்பாடு இது. தன் நாயின் படத்துக்குக்கூட வேலியடைக்கும் தனியுடைமை வெறி என்பது ஒன்று. உழைத்தவன் தன் உழைப்பின் விளைவுக்கு உரிமை கோருவது நியாயமே, பெருங்கொம்பனிகள் அனைத்தையும் அள்ளிச்செல்லும் காலத்திற் சிறு உற்பத்தியாளனுக்கு எஞ்சியிருக்கும் ஒரே தற்காப்பு இதுவே என்பது மற்றையது. இரண்டும் முற்றிலும் பொய்யல்ல. ஆயினும், நீர்க்குறி பேசுவது உடைமையைப் பற்றியே என்னும் அனுமானத்தை இரண்டுமே கேள்விக்குட்படுத்தாது ஏற்றுக்கொள்கின்றன. சொந்தப் படத்தின் மேலுள்ள நீர்க்குறி உடைமையின் மொழியிற் பேசுகின்றதே அன்றி, அது சொல்ல முனைவது உடைமையை அன்று என்பதே நாம் இங்கு நிறுவ விழைவது.

பெயரின் வரலாற்றை முதலிற் சுருக்கமாக நோக்குவோம். நீர்க்குறி கடதாசித் தொழிலின் சொல். 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலியின் பப்ரியானோ நகரத்துப் பட்டறைகளிலே, கூழை வடித்தெடுக்கும் கம்பிவலையின் மீது சிலுவை போன்றதொரு சிற்றுருவைக் கம்பியால் வளைத்துப் பொருத்தினர். அவ்விடத்திற் கூழ் மெல்லிதாகப் படியும். உலர்ந்த தாளை ஒளிக்கெதிரே பிடித்தால் உருவம் தெரியும். மேசையில் வைத்து எழுதும்போது தெரியாது. பிறிக்கே என்னும் சுவிஸ் அறிஞர் 1907 இல் நான்கு தொகுதிகளாக வெளியிட்ட அகராதியிலே இத்தகைய 16,112 குறிகள் இடம்பெற்றுள்ளன. நாளிடப்படாத ஆவணங்களின் காலத்தைக் கணிக்க இன்றும் அது உதவுகின்றது. அக்குறி பொருளின் உள்ளே, பொருள் உண்டாகும் கணத்திலேயே உண்டாவது. பொருளின் பயன்பெறுமானத்துக்கு ஊறு செய்யாதது. தாளின் மீது எவர் எதனை எழுதினாலும் கடதாசிப் பட்டறைக்கு அதில் உரிமை ஏதும் இல்லை.

இன்றைய நீர்க்குறிக்கு இப்பண்புகளில் ஒன்றேனும் இல்லை. படம் உண்டான பின்னர் அதன் மேல் இடப்படுவது அது; ஒளிக்கெதிரே பிடிக்க வேண்டியதில்லை; முதலிற் கண்ணுக்குத் தெரிவதே அதுதான். படங்களை விற்கும் பெரும் முகவரகங்களின் பட்டியல்களில் இதன் சாரத்தைத் தெளிவாகக் காணலாம். பணம் செலுத்தும் வரை படத்தின் நடுவே முகவரகத்தின் பெயர் கிடக்கும், செலுத்தியதும் அகன்றுவிடும். அதாவது, இது செய்தவனின் கையொப்பமன்று. இன்னும் விற்கப்படவில்லை என்னும் அறிவித்தல். பரிவர்த்தனைப் பெறுமானத்தைக் காப்பதற்காகப் பயன்பெறுமானத்தை வேண்டுமென்றே கெடுப்பதே இதன் செயல்முறை. பண்டத்தின் இரு பெறுமானங்களுக்கும் இடையிலான முரண்பாட்டை இவ்வளவு வெளிப்படையாக, கண்ணாற் காணத்தக்க விதத்தில் எடுத்துக்காட்டும் பிறிதொரு சான்றை மாணவருக்குக் காட்டுவது கடினம்.

படத்தின் மேல் எவரது பெயர் வரலாம் என்னும் வினாவுக்கு முதலாளித்துவச் சட்டம் அளித்த விடையை ஒரு வழக்கின் மூலம் ஆராயலாம். 1882 சனவரியில் விரிவுரைப் பயணமாக நியூ யோர்க் வந்த ஒஸ்கார் வைல்டை, அந்நகரின் பெயர்பெற்ற படப்பிடிப்பாளரான நெப்போலியன் சரோனி பல கோலங்களிற் படம் பிடித்தார். அவற்றுள் பதினெட்டாம் இலக்கப் படத்தை பறோ-கைல்ஸ் என்னும் கல்லச்சுக் கொம்பனி அனுமதியின்றி 85,000 பிரதிகள் அச்சிட்டது. சரோனி வழக்குத் தொடுத்தார். கொம்பனியின் எதிர்வாதம் இரண்டு. படத்தின் மேலிருந்த பதிப்புரிமை அறிவித்தலிற் சரோனியின் முதற்பெயர் முழுமையாக இல்லை, தலையெழுத்து மாத்திரமே உள்ளது என்பது ஒன்று. இன்றைய நீர்க்குறியின் நேரடி முன்னோடியாகிய அவ்வறிவித்தல் போதுமானதா என்று நாட்டின் உச்ச நீதிமன்றமே ஆராய நேர்ந்தது. புகைப்படம் இயந்திரத்தின் விளைவு, அதற்கு ஆசிரியன் இருக்க முடியாது என்பது மற்றைய வாதம். 1884 இல் நீதிமன்றம் இரண்டையும் நிராகரித்தது. வைல்டை அமர்த்திய விதம், உடையையும் திரைச்சீலையையும் தெரிந்து ஒழுங்குசெய்தமை, ஒளியையும் நிழலையும் அமைத்தமை, முகத்திலே வேண்டிய பாவத்தை வரவழைத்தமை ஆகியன சரோனியின் மனத்திற் பிறந்த கருத்தின் புறவடிவம், ஆகையாற் சரோனியே ஆசிரியர் என்பது தீர்ப்பு. இழப்பீடு 610 டொலர்.

இத்தீர்ப்பைக் கலைஞனின் வெற்றியாகவே பலரும் எடுத்துரைப்பர். அவ்வாசிப்பு நமக்கு உடன்பாடன்று. பாவனை புனைவதில் அக்காலத்திலே வைல்டை வென்றவர் எவருமிலர். உடையாலும் நிற்கும் நிலையாலும் தம்மைத் தாமே ஒரு படைப்பாக்கிக் கொண்டு கடல்கடந்து வந்தவர் அவர். அந்த முகத்தின் பாவம் சரோனி வரவழைத்தது எனச் சட்டம் கூறும்போது, படத்திலிருப்பவர் அச்சட்டத்தின் பார்வையிலே திரைச்சீலைக்கும் நாற்காலிக்கும் நிகரான ஒரு மூலப்பொருளாகிவிடுகின்றார். பிரெஞ்சு மார்க்சியச் சட்டவியலாளரான பேர்ணார்ட் எடெல்மன் 1973 இல் வெளியிட்ட ஆய்வு இதன் பொருளியல் அடிப்படையை விளக்குகின்றது. தொடக்கத்தில் இயந்திரத்தின் பணியாளாக மட்டுமே கருதப்பட்ட படப்பிடிப்பாளனைச் சட்டம் பின்னர் படைப்பாளியாக உயர்த்தியதற்குக் காரணம் அழகியல் அறிவின் வளர்ச்சியன்று. படத்தொழில் மூலதனத்தின் களமாகியதும் அதன் விளைபொருளுக்கு ஓர் உடைமையாளன் தேவைப்பட்டமையே. எடெல்மனின் சட்டவாத இறுக்கத்தை நாம் முழுமையாக ஏற்கவில்லை. ஆயினும், 'ஆசிரியன்' என்பது ஓர் உடைமை வடிவமே என அவர் காட்டியதை மறுப்பதற்கில்லை.

மூலப்பொருளாக்கப்பட்டவர் பின்னர் வாய்திறந்த சந்தர்ப்பமும் உண்டு. 1936 மார்ச்சிற் கலிபோர்ணியாவின் நிப்போமோவில், பட்டாணிப் பயிர் பனியில் அழிந்து கூலியற்றுத் தவித்தோரின் முகாமிலே, அரசாங்க நிறுவனமொன்றுக்காகப் பணியாற்றிய டொறொத்தியா லாங் ஒரு தாயையும் பிள்ளைகளையும் படம் பிடித்தார். 'புலம்பெயர் தாய்' என உலகறிந்த அப்படம் அரசாங்கப் பணியின் விளைவாதலாற் பொதுவுடைமையாயிற்று. லாங்கின் பெயர் பாடநூல்களிலேறியது. தாயின் பெயரை அவர் கேட்கவேயில்லை. புளோறன்ஸ் ஓவன்ஸ் தொம்சன் என்னும் அப்பெண்மணி இன்னார் என வெளியே தெரியவந்தது 1978 இல். அப்படத்தால் தமக்கு ஒரு சதமேனும் கிடைக்கவில்லை என்றும், தம்மை அவர் படம் பிடிக்காதிருந்திருக்கலாம் என்றும் அவர் மனக்கசப்புடன் கூறினார். இவ்விரு கூற்றுகளையும் வேறுபடுத்திப் பார்த்தல் அவசியம். முதலாவது கூலி பற்றியது. உடைமைச் சட்டத்தால் விளங்கிக்கொள்ளத்தக்கது. இரண்டாவது அவ்வாறன்று. வறுமையின் சின்னமாக நாற்பதாண்டுகள் ஊரெங்கும் தொங்கிய ஒருவர், அச்சின்னத்திலிருந்து தம்மை மீட்கக் கோரும் குரல் அது. அதனை எழுதுவதற்கு எந்தப் பதிப்புரிமைப் பத்திரத்திலும் இடமில்லை.

இணையத்திற் பகிரப்படும் சொந்தப் படம் இந்த இரண்டாவது கூற்றின் நிலத்தைச் சேர்ந்தது. ஒருவர் தம்மைத் தாமே படம் பிடிக்கும்போது சரோனியும் வைல்டும் ஒருவராகிவிடுகின்றனர். படத்தின் மேல் எழுதப்படும் பெயர் படத்திலிருப்பவரின் பெயரே. எனினும், அவர் கையிற் கிடைத்திருக்கும் வடிவம் சரோனியின் வடிவமேயாகும். தம் முகத்தைத் தாமே விற்பனைச் சரக்காகக் கருதி முத்திரையிடும்படி அவர் நிர்ப்பந்திக்கப்படுகின்றார்.

2017 யூனில் பேஸ்புக் நிறுவனம் இந்தியாவில் அறிமுகப்படுத்திய முகப்புப்படக் காப்பு இவ்விடத்தில் நுணுகி ஆராயத்தக்கது. தம் படத்தைப் பிறர் எடுத்து என்ன செய்வரோ என்னும் அச்சத்தால் இந்தியப் பெண்கள் பலர் முகம் தெரியும் படத்தை இடுவதேயில்லை எனத் தான் நடத்திய விசாரணையிற் கண்டதாக நிறுவனம் அறிவித்தது. காப்பைத் தெரிந்துகொண்ட படத்தைச் சுற்றி ஒரு நீலக் கோடும் கேடயமும் தோன்றும். பிறர் அதனைத் தரவிறக்கவோ அனுப்பவோ முடியாது. அத்தோடு, படத்தின் மேல் ஓர் அலங்காரக் கோலத்தைப் படியவிடும் வசதியும் பரிசோதிக்கப்பட்டது. அக்கோலங்கள் பந்தனி, காந்தா முதலிய இந்தியத் துணி வேலைப்பாடுகளைத் தழுவியவை. அவ்வாறு ஒரு படலம் இடப்பட்டால் அப்படத்தைப் பிறர் பிரதி செய்யும் வாய்ப்பு குறைந்தது 75 சதவீதம் குன்றுவதாக ஆரம்பப் பரிசோதனைகள் காட்டின என்பதும் நிறுவனத்தின் கூற்றே.

பழஞ்சேலைகளை அடுக்கி வங்கப் பெண்கள் தைத்த போர்வைகளின் தையல் காந்தா. உறங்கும் பிள்ளைக்குக் கதகதப்பு அளித்த அத்தையல், இங்கே ஒரு பெண்ணின் முகத்தின் மேல் வேலியாக விரிக்கப்பட்டுள்ளது. இதனை வெறும் அலங்காரமாகக் கொள்வதற்கில்லை. திருடனைத் தடுக்கவேண்டிய பொறுப்பு யாரிடம் ஒப்படைக்கப்படுகின்றது என்பதே இதிற் பொதிந்துள்ள கருத்துநிலை. முகம் தெளிவாகத் தெரிந்தால் எடுக்கப்படும். எடுக்கப்படாதிருக்க வேண்டுமாயின் முகம் சற்று மறையவேண்டும். மறைத்துக்கொள்ள வேண்டியவள் அவளே. முக்காட்டின் தர்க்கம் வேறெதுவும் இதுதான். ஆயினும், அவசரப்பட்டு நிராகரிக்கவும் நாம் விரும்பவில்லை. நான்கில் மூன்று பங்கு ஆபத்துக் குறைவது ஆபத்தில் இருப்பவளுக்குச் சிறிய விடயமன்று. கோட்பாட்டுத் தூய்மையைக் காப்பதற்காக அவளை வெறும் முகத்தோடு நிற்கச் சொல்லும் உரிமை ஆய்வாளருக்கு இல்லை.

மனங்கொள்ள வேண்டியது, அவள் அஞ்சும் திருட்டின் தன்மை. அப்படத்தை விற்று அவளுக்கு வரவேண்டிய வருமானத்தை எவனும் அபகரிக்கப் போவதில்லை. முகத்தை வேறோர் உடலோடு ஒட்டுவான். அவள் பெயரிற் பொய்க்கணக்குத் திறப்பான். அதைக் காட்டிப் பயமுறுத்துவான். இக்குற்றத்தில் இழக்கப்படுவது உடைமையன்று, தன் சமூகத்தின் நடுவே தலைநிமிர்ந்து நடக்கும் நிலை. நமது நாட்டுப் பெண்களுக்கும் இது அந்நியமான அச்சமல்ல. அதனை வெளியிட அவளுக்கு வழங்கப்பட்டிருக்கும் கருவியோ, 'இது என்னுடையது' என்னும் ஒரேயொரு வாக்கியத்தை மட்டும் எழுதக்கூடிய கருவி.

அந்த வாக்கியமும் யாரை நோக்கி எழுதப்படுகின்றது? அயலானை நோக்கி, சக பாவனையாளனை நோக்கி. தளத்தை நடத்தும் நிறுவனத்தை நோக்கியன்று. படத்தை இடுபவர் பதிப்புரிமையைத் தாமே வைத்துக்கொள்ளலாம் என்று அந்நிறுவனத்தின் நியதிகள் பெருந்தன்மையோடு கூறுகின்றன. அதே பந்தியில், தனியுரித்தற்றதும் கைமாற்றத்தக்கதும் பிறருக்கு உபவுரிமமாக வழங்கத்தக்கதும் கட்டணமற்றதும் உலகளாவியதுமான ஓர் உரிமத்தையும் அவரிடமிருந்து பெற்றுக்கொள்கின்றன. உறுதி எழுதும் நொத்தாரிசு ஒருவரும் இத்தனை அடைமொழிகளை இவ்வளவு நெருக்கமாக அடுக்கியிருக்கமாட்டார். மூலையிற் பெயரெழுதும் சிறு உடைமையாளன், படலையைப் பூட்டிவிட்டுக் காணியின் உறுதியைக் கையளித்துவிட்டவனை ஒத்தவன்.

நீர்க்குறி தன் வேலையைச் செய்கின்றதா என்பதும் நோக்கற்பாலது. 2017 இற் கூகிள் நிறுவன ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்று, ஒரே குறி ஆயிரக்கணக்கான படங்களில் மாறாது இடம்பெறும்போது, அப்படங்களை ஒன்றாக ஆராய்ந்து குறியைத் தனியே பிரித்தெடுத்து அகற்ற இயலும் எனக் காட்டியது. படத்துக்குப் படம் குறியைச் சற்று நெளித்தாலே அது கடினமாகும். தன் பெயரை எங்கும் ஒரே வடிவில் நிலைநாட்டும் பேரார்வமே அப்பெயரின் அழிவுக்கு வழியாவது சுவையான முரண். அதனிலும் சுவையானது பின்னர் நிகழ்ந்தது. கோடிக்கணக்கான படங்களை உட்கொண்டு புதிய படங்களை உண்டாக்கும் இயந்திரங்கள், கெற்றி முகவரகத்தின் நீர்க்குறியைச் சிதைந்த எழுத்துக்களிற் படங்களின் மேல் தாமாகவே எழுதலாயின. மரத்துக்கு இலை போலப் படத்துக்கு நீர்க்குறியும் இயற்கை என இயந்திரம் கற்றுக்கொண்டது போலும்! இது தொடர்பில் 2023 இல் ஸ்ரெபிலிற்றி நிறுவனத்துக்கெதிராகத் தொடுக்கப்பட்ட வழக்கில், 2025 நவம்பரில் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் முகவரகத்தின் எஞ்சிய பதிப்புரிமை முறைப்பாட்டை நிராகரித்து, நீர்க்குறி தோன்றிய வரையறுக்கப்பட்ட சில சந்தர்ப்பங்களில் மாத்திரம் வணிகக்குறி மீறப்பட்டதாகத் தீர்த்தது. படங்கள் விழுங்கப்பட்டமைக்கு அங்கே பரிகாரமில்லை. பெயர் திரும்ப வெளியே வந்தமைக்கு உண்டு.

இதனாற் படங்கள் அனைத்தையும் பொதுவாக்கிவிட்டாற் பிரச்சினை தீரும் என வாதிடும் தோழர்களுக்கு ஒரு சான்றைக் காட்டல் வேண்டும். அமெரிக்கப் படப்பிடிப்பாளரான கரோல் ஹைஸ்மித் தம் படங்களை 1988 முதல் அந்நாட்டுக் கொங்கிரஸ் நூலகத்துக்கு அளித்து, மக்கள் தடையின்றிப் பயன்படுத்த விட்டார். பின்னர், தமது படத்தைத் தமது தளத்திலே பயன்படுத்தியமைக்காக 120 டொலர் செலுத்துமாறு படமுகவரகமொன்றின் சார்பில் அவருக்கே கடிதம் வந்தது. 2016 இல் அவர் தொடுத்த வழக்கின் பதிப்புரிமைக் கோரிக்கைகள், உரிமையைத் துறந்தவருக்கு வழக்கில்லை என்னும் அடிப்படையில் எடுபடவில்லை. மூலதனம் சூழ்ந்திருக்கும் நிலையிற் பொதுவில் விடப்பட்டது பொதுவில் இராது. வேலியடைக்க வசதி படைத்தவனிடம் சேரும். மறுபுறம், 2010 சனவரியில் ஹெயிற்றி நிலநடுக்கத்தின் அன்றே டானியல் மொறெல் ருவிற்றரின் வழியாக வெளியிட்ட படங்கள் பிறிதொருவரின் பெயரோடு உலகச் செய்திச் சந்தைக்குச் சென்றன. 2013 நவம்பரில் நியூ யோர்க் யூரிமார் அவருக்கு ஏறத்தாழ 12 இலட்சம் டொலர் வழங்கத் தீர்மானித்தனர். உடைமைச் சட்டம் சிறியவனுக்கு ஒருபோதும் உதவாது என நாமும் கூறவில்லை. மொறெலின் படங்களில் இடிபாடுகளின் நடுவே நின்றவர்கள் அவ்வழக்கின் கட்சிக்காரர் அல்லர் என்பதையே சுட்டுகின்றோம்.

நமது வீடுகளிலுள்ள பழைய படங்களின் கீழ்மூலையில் ஸ்ரூடியோவின் பெயர் எழுத்துப் புடைக்க அழுத்தப்பட்டிருக்கும். விரலால் தடவினாற் தட்டுப்படும். முகத்தைத் தொடாத அந்த முத்திரை கடதாசிப் பட்டறைக் குறியின் உறவினம். இடம்பெயர்வுகளில் அத்தகைய படங்கள் எத்தனையோ அழிந்தன. எஞ்சியவை பிரதிக்குப் பிரதியாகவே எஞ்சின.

2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியிலே, காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். அத்தாய்மார் ஏந்தும் படங்களிற் பல, அடையாள அட்டைக்கோ பாடசாலைத் தேவைக்கோ எடுக்கப்பட்டுப் பின்னர் பெருப்பிக்கப்பட்டவை. அவற்றை எடுத்தவரின் பெயர் அவற்றில் இல்லை. இப்போராட்டத்தின் படங்கள் சர்வதேச முகவரகங்களின் விற்பனைப் பட்டியலிலும் உள்ளன. அங்கே தாயின் கைக்கும், கையிலுள்ள படத்தில் மகனின் முகத்துக்கும் குறுக்கே முகவரகத்தின் சாம்பல்நிற எழுத்துக்கள் செல்கின்றன. அப்படத்தை எடுத்த பத்திரிகையாளரும் கூலிக்கு உழைப்பவரே. அவர் மேல் நமக்குக் குறையில்லை. ஆயின் அத்தாயோ தன் படம் பிரதி செய்யப்பட வேண்டும், எங்கும் பரவ வேண்டும், எவர் கண்ணிலேனும் பட வேண்டும் என்றே அதனைத் தூக்கிப் பிடித்திருக்கின்றாள். சொந்தப் படமொன்றின் மேல் அவளும் எழுதியிருக்கின்றாள்: மகனின் பெயர், காணாமற்போன திகதி, இறுதியாகக் காணப்பட்ட இடம்.